எங்களைச் சோதிக்கச் சொல்லிக் கெஞ்சிய நாள்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து நேராகப் போகாது. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும், எங்கள் துறையடியில் மாடு நிற்பது போல. மறதியும் உண்டு. உப்புப் போட்டேனா இல்லையா என்று கறிச்சட்டியையே கேட்கிற ஆள் நான். ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. அடுப்படியில் தனியே நின்று சிரிப்பேன். பக்கத்து வீட்டார் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

என் இளைய மகன் கப்பலில் வேலை செய்கிறான். வெள்ளைச் சட்டை போடுகிற வேலை இல்லை. கீழே இயந்திர அறையில் எண்ணெயும் கிறீசுமாக நிற்கிற வேலை. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து, பெண் வீட்டுக்குப் போய்விட்டான். மருமகளின் தாய் எனக்கு மச்சாள் முறை. வாவிக்கு அந்தக் கரையில் அவர்கள் வீடு, இந்தக் கரையில் என் வீடு. நடுவில் பாதை ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் காலால் நடக்கிற பாதை அல்ல. மிதவைகளின் மேல் பலகை பரப்பி மோட்டார் பூட்டிய தட்டு அது. மோட்டார் சைக்கிள், ஆடு, நெல்மூட்டை, கலியாணப் பெண், எல்லாம் அதில் ஏறும். "எங்க போறாய்?" என்று மட்டும் கேட்பார்கள். அது காவலுக்கு அல்ல, கதைக்கு.

துறை என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மகன் கடலில் நிற்கும்போதுதான் அவனுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தகப்பனைப் போனில்தான் பார்த்து வளர்ந்தது. தவழத் தொடங்கி, பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் கணக்கில் அப்பா என்றால் ஒரு போன். மருமகளின் போனைக் கண்டால் "ப்பா" என்று கூப்பிட்டு அதற்கு முத்தம் கொடுக்கும். மச்சாளின் பட்டன் போனுக்கும் கொடுக்கும். ஒருநாள் தொலைக்காட்சி றிமோட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு "ப்பா, ப்பா" என்று கொஞ்சியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மருமகள் மட்டும் சிரிக்காமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அவன் ஒரு தடவையாவது பிள்ளையைத் தூக்கவேண்டும். அவன் வீடு வரும்போது பிள்ளை நடந்து, ஓடி, கதைத்து, 'யார் இந்தத் தாடிக்காரன்' என்று கத்தப்போகிறதே என்று பயம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மகன் போன் எடுத்துச் சொன்னான், கப்பல் எங்கள் நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குக் கோதுமை இறக்க வருகிறதாம். எந்தத் துறைமுகம் என்று நான் எழுதமாட்டேன். அங்கே நல்ல மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்னால் ஏச்சு விழக்கூடாது.

"நான் இறங்கி வர ஏலாதம்மா," என்றான். "இந்தத் துறைமுகத்தில ஒருத்தரும் இறங்கப்படாது எண்டு கப்டன் சொல்லிட்டார். நீங்க வாங்க. குடும்பத்தை ஏத்திக் காட்ட விடுவார், கேட்டு வச்சிருக்கன்."

"ஏன் மனே இறங்கப்படாது?"

"அது பெரிய கதை. முந்தி ஒரு நாட்டில கேற்றே இல்லாத துறைமுகம் ஒண்டுக்குப் போனம். கிளி விக்கிறவன், செருப்பு விக்கிறவன், எல்லாரும் கப்பலுக்குள்ள வந்துட்டாங்க. நல்ல பகிடியா இரிந்திச்சி. மறுகா அடுத்த பெரிய நாட்டுக்குப் போனா, 'நீங்க அந்தத் துறைமுகத்தில நிண்டனீங்கதானே, வெளியில நில்லுங்க' எண்டு கடலிலேயே நிப்பாட்டிப்போட்டாங்க. ஒருத்தனையும் தரையில கால் வைக்க விடல்ல. எங்களில ஒருத்தனுக்குப் பல்லுவலி. கன்னம் பலாப்பழம் மாதிரி வீங்கி, கரையைப் பாத்துப் பாத்து அழுதான். கேற் திறந்து கிடந்தது அவங்கட பிழை, அடி எங்களுக்கு."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் விளங்கவில்லை. பல்லுவலிக்காரனுக்குக் கராம்பு வைத்தார்களா என்று மட்டும் கேட்டேன்.

வான் பிடித்தோம். நான், மச்சாள், மருமகள், பிள்ளை. வானுக்குள் எருமைத் தயிர் முட்டிகள், பொரித்த இறால், பயற்றம் பணியாரம், ஒரு சீப்பு இதரை வாழைப்பழம், மச்சாளின் வெற்றிலைப் பெட்டி. மச்சாளைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் புதிய ஆட்களைக் கண்டால் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறவள். மச்சாள் முன்னால் நிற்கிறவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று என் மகன் சொல்வான்.

துறைமுகத்துக் கேற்றில் ஒரு மரத்தடி, மரத்தடியில் ஒரு கதிரை, கதிரையில் ஒரு காவல்காரர். வானை நிறுத்தினார். நான் மச்சாளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எங்கயிருந்து வாறீங்க?"

மச்சாள் ஊரைச் சொன்னாள்.

"அட! நான் கிரான்," என்றார். அது எங்கள் பக்கத்து ஊர். முகம் மலர்ந்துவிட்டது. "வட்டையில தண்ணி நிக்குதா?"

"நிக்குது, நிக்குது. இந்த முறை வயலெல்லாம் நல்ல பச்சை."

"சந்தோசம். போங்க, போங்க. புள்ளையை வெயிலில வச்சிரிக்காதீங்க."

இவ்வளவுதான். அடையாள அட்டையும் கேட்கவில்லை, தயிர் முட்டியையும் பார்க்கவில்லை. வான் உள்ளே போனது. "பாத்தீங்களா மச்சாள், எவ்வளவு மரியாதை!" என்று மச்சாள் பூரித்துப்போனாள். நானும் பூரித்தேன்.

கப்பலைக் கிட்டத்தில் கண்டதும் எனக்குக் கழுத்து நொந்தது. அவ்வளவு உயரம். கட்டியிருந்த கயிறு ஒவ்வொன்றிலும் வட்டமான தகடு ஒன்று மாட்டியிருந்தது. எலி ஏறாமல் இருக்க என்று வான்காரர் சொன்னார். ஏணியைக் கீழே விடாமல், ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் தலைப்பில் இரண்டு பேர் காவல். "எலிக்கும் தகடு, நமக்கும் தகடு," என்றாள் மச்சாள்.

மேலே செம்மஞ்சள் உடுப்பில் ஒருவன் ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். தாடி. மெலிந்த முகம். என் மகன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல்:

"அம்மா! ஏறாதீங்க!"

"அது சரி," என்றாள் மச்சாள் அண்ணாந்து. "ஏறாதீங்க எண்டு சொல்லவா மருமகன் இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?"

அவனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் சிவந்த முகமுமாக ஒரு பெரிய ஒபிசர் வந்து நின்றார். அவர் இங்கிலீசில் கேட்க, மகன் எங்களுக்குத் தமிழில் கத்தினான்.

"கேற்றில உங்களச் சோதிச்சாங்களாம்மா?"

நான் வாய் திறக்கு முன் மச்சாள் பெருமையோடு திருப்பிக் கத்தினாள். "ஒண்டும் சோதிக்கல்ல! கிரான்காரர்! தங்கமான மனுசன்! ஐடியும் கேக்கல்ல, சாமானும் பாக்கல்ல, 'போங்க போங்க' எண்டு சொல்லிட்டார்!"

மகன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனாலும் பொய் சொல்லவில்லை, அப்படியே மொழிபெயர்த்தான். ஒபிசரின் முகம் புளித்த தயிர் போலாகிவிட்டது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அது வேண்டாம் என்ற ஆட்டு என்று எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

"மாமி, ஏன் மாமி அப்பிடிச் சொன்னீங்க?" என்று மகன் தலையில் கை வைத்தான்.

"உண்மையைத்தானே சொன்னன்! அந்த மனுசனைப் பாராட்டிச் சொன்னன்!"

பிறகு அவன் விளக்கினான். இந்தக் கப்பல் அடுத்துப் போகப்போவது கண்டிப்பான நாடு ஒன்றுக்கு. கடைசியாக நின்ற துறைமுகங்களில் கேற் எப்படி, காவல் எப்படி, யார் யார் ஏறினார்கள் என்றெல்லாம் அங்கே துருவிக் கேட்பார்கள். துறைமுகம் ஒழுங்காகப் பூட்டியிருந்தால் கப்பல் கொஞ்சம் திறந்து இருக்கலாம். துறைமுகம் திறந்து கிடந்தால் கப்பல் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் பழையபடி கடலில் நிற்கவேண்டியதுதான்.

"அப்ப, எங்கள அவர் ஏசி, மறிச்சு, உடுப்பெல்லாம் தடவிப் பாத்திருந்தா நீங்க ஏத்துவீங்களா?" என்று மருமகள் கேட்டாள். பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை எலித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம்! துறைமுகத்து ஆக்களே ஒழுங்காச் சோதிச்சு, கூடவே கூட்டிக்கொண்டு வந்து 'நாங்க பாத்துட்டம்' எண்டு சொன்னா ஏத்துவாராம். கெதியாப் போங்க. பின்னேரம் கோதுமை முடிஞ்சிரும், கப்பல் எடுத்துருவாங்க!"

உலகத்தில் ஆட்கள் சோதனைக்குப் பயந்து ஓடுவார்கள். நாங்கள் சோதனையைத் தேடி ஓடினோம். வானைத் திருப்பி மறுபடியும் கேற்றடிக்குப் போனோம். கிரான்காரர் சோற்றுப் பார்சலை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்.

"தம்பி," என்றாள் மச்சாள். "எங்களச் சோதியுங்க."

"என்னத்த?"

"எங்களத்தான். நல்லாச் சோதியுங்க. ஒண்டும் விடாதீங்க."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏனம்மா, ஏதும் களவு போயிற்றா?"

"இல்ல தம்பி. நீங்க மரியாதையா விட்டதாலதான் கப்பல்காரன் விடமாட்டானாம். கொஞ்சம் மரியாதையில்லாம நடந்துகொள்ளுங்க."

பாவம் அந்த மனிதர். சோற்றை மூடி வைத்துவிட்டு எழும்பினார். அலுமாரிக்குள் இருந்து பீப் என்று கத்துகிற தடி ஒன்றை எடுத்தார். அதில் தூசி. ஊதினார். அழுத்தினார். சத்தம் இல்லை. பற்றரி செத்துவிட்டது. வான்காரர் பொருட்களுக்கு நடுவே கைவிட்டு ஒரு ரோச் லைட்டைக் கண்டுபிடித்து, அதன் பற்றரியைக் கழற்றிக் கொடுத்தார். தடி உயிர் பெற்று, முதல் வேலையாகக் கிரான்காரரின் பெல்ற்றையே பார்த்துக் கத்தியது.

"பெண்டுகள நான் தொட ஏலா," என்று அவர் அடுத்த சிக்கலைச் சொன்னார். "பொம்பிளை ஒபிசர் ஒருத்தி இரிக்கா. கூப்பிடுறன்."

வந்த பிள்ளை சிங்களப் பிள்ளை. இளம் வயது. கஞ்சி போட்ட சட்டை, கத்திபோல மடிப்பு. விசயத்தைக் கேட்டதும் அவள் முகம், தைப்பொங்கலுக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளையின் முகம் போல ஆனது. கிரான்காரர் எங்கள் காதில் மெல்லச் சொன்னார். கொழும்பில் இந்த வேலைக்கென்று படித்து வந்தவளாம். இங்கே வந்த நாளிலிருந்து சோதிக்க ஒருவரும் அகப்படவில்லையாம்.

சோதித்தாள் ஐயா, அப்படிச் சோதித்தாள்! தயிர் முட்டியின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். பணியாரத்தை எண்ணாத குறை. வானின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவள் என் இடுப்பைத் தட்டியபோது நான் நெளிந்து சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அம்மா, ஆடாம நிக்க," என்றாள்.

மச்சாளின் வெற்றிலைப் பெட்டியில் தடி பீ என்று கத்தியது. பாக்குவெட்டி.

"இது ஆயுதம்," என்றாள் அந்தப் பிள்ளை.

"இது ஆயுதமெண்டா என்ட வாயில பல்லும் ஆயுதம்தான். இரிக்கிற நாலையும் புடுங்கி எடு!"

"இங்க வச்சிட்டுப் போங்க. வாறநேரம் தாறது."

மச்சாள் தன் பாக்குவெட்டியைப் பிரிந்தாள். அதோடு முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். கடைசியாக அந்தப் பிள்ளை, படித்தபடி ஒழுங்காக, மருமகளின் கையிலிருந்த பேத்திக்கு நேரே தடியைக் கொண்டுபோனாள்.

பீ!

பேத்தி சந்தோசத்தில் கையைத் தட்டியது. அதன் இடுப்புக் கயிற்றில் இரும்பு கட்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை தண்ணீர் கடக்கும்போது உடம்பில் இரும்பு இருக்கவேண்டும். வாவியைக் கடந்தாலும் சரி, வாய்க்காலைக் கடந்தாலும் சரி. கொல்லர் அடித்துக் கொடுத்த சின்னத் துண்டு அது. பாதையில் ஏறிய ஒரு நாளும் அது இல்லாமல் இந்தப் பிள்ளை ஏறியதில்லை.

"இது கழட்ட வேணும்," என்றாள் ஒபிசர் பிள்ளை.

"கழட்ட ஏலா," என்றாள் மச்சாள்.

"இரும்பு, கூரா இரிக்கு. கப்பலுக்கு விட ஏலா."

"கீழ கடல் கிடக்கு. நீர் கடக்கிற புள்ளையை இரும்பில்லாம நான் விடமாட்டன். எனக்குக் கப்பலும் வேணாம், மருமகனும் வேணாம்."

ஒபிசர் பிள்ளைக்கு விளங்காமல் இல்லை. தன் அக்காவின் பிள்ளைக்கும் கழுத்தில் ஏதோ கட்டியிருக்கிறார்களாம். "ஆனா அம்மா, நீங்கதானே ஒழுங்காப் பாக்கச் சொன்னது. இப்ப நான் ஒழுங்காப் பாக்கிறது. இது விட்டா, ஒழுங்கு இல்லத்தானே?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். பாரந்தூக்கிகள் அங்கே கோதுமையை அள்ளிக்கொண்டே இருந்தன. மருமகளின் கண் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் தாய். "அம்மா, ஒருக்காத்தானே அம்மா," என்றாள். மச்சாள் மரம் போல நின்றாள்.

அப்போது என் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்நிய ஆட்களுக்கு முன்னால் நான் கதைத்ததே இல்லை. சீலைத் தலைப்புக்குள் இருந்துதான் கதைத்தேன்.

"கப்பல் என்னத்தால செஞ்சது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இரும்பாலதான்," என்றார் கிரான்காரர்.

"அப்ப புள்ள இரும்புக்குள்ளதானே போகுது. அவ்வளவு பெரிய இரும்பிருக்க, இந்தத் துண்டு என்னத்துக்கு?"

கிரான்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிங்களப் பிள்ளைக்கு அவர் சொல்லிக் கொடுக்க, அவளும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சாள் மட்டும் சிரிக்காமல் யோசித்தாள்.

"முழுக்க இரும்பா?"

"முழுக்க இரும்பம்மா. என்ட தலையில அடிச்சிச் சொல்லுறன்," என்றார் கிரான்காரர்.

"சரி. தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவன்."

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பாக்குவெட்டிக்குத் துணையாக வைத்துவிட்டு, ஒபிசர் பிள்ளை முன்னே, நாங்கள் பின்னே, ஊர்வலம் போலப் போனோம். ஒபிசர் பிள்ளை நிமிர்ந்து நின்று மேலே பார்த்து இங்கிலீசில் அறிவித்தாள். சிவந்த முகத்துக்காரர் தலையை ஆட்டினார். இந்த முறை மேலும் கீழுமாக. ஏணி இறங்கி வந்தது. மகன் மேலே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

மச்சாள் முன்னே போய் ஏணியை விரல் மடக்கித் தட்டினாள். டங் என்று சோற்றுப்பானைச் சத்தம். இன்னொரு தடவை தட்டினாள்.

"இது இரும்பில்ல! இது அலுமினியம்!"

ஐயோ என்று நான் தலையில் கை வைத்தேன். சத்தத்தில் அவளை ஏமாற்ற முடியாது. சந்தையில் பானை வாங்கும்போது கடைக்காரனே அவளுக்குப் பயப்படுவான். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்து அசைந்தது. அந்தத் தண்ணீருக்கு மேலே வெறும் அலுமினியம். அந்த நாலு எட்டுக்குப் பிள்ளையின் உடம்பில் இரும்பு இல்லை.

"என்னம்மா இன்னும்?" என்று மேலிருந்து மகன் கத்தினான்.

நான் கத்திப் பழக்கமில்லாதவள். அன்று கத்தினேன். "மனே! உன்னட்ட இரும்பு ஏதும் இரிக்கா? உடம்பில?"

அவன் தன்னைத் தடவிப் பார்த்தான். சட்டைப்பை, இடுப்பு, தலை. பிறகு குனிந்து காலைப் பார்த்தான். "சப்பாத்து! அம்மா, என்ட சப்பாத்து முனைக்குள்ள இரும்பு! கால் நசுங்காம இரிக்கப் போடுறது!"

மச்சாள் அவனுடைய சப்பாத்தைக் கீழிருந்தே உற்றுப் பார்த்தாள். "ரெண்டு காலிலயுமா?"

"ரெண்டு காலிலயும் மாமி!"

"அப்ப நீங்களே இறங்கி வந்து புள்ளையை வாங்குங்க. வேற ஒருத்தரும் தூக்கப்படாது."

அவன் ஒபிசரைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொன்னான். என்ன சொல்லி விளங்கப்படுத்தினானோ, அந்த மனிதர் முதலில் பேயறைந்தது போல நின்றார், பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை அசைத்தார். அவருடைய தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

மகன் இறங்கி வந்தான். கடைசிப் படியில் நின்றான். தரையில் கால் வைக்கக் கூடாதென்பதால் வைக்கவில்லை. அலுமினியப் படியில் இரும்புச் சப்பாத்தோடு நின்று இரண்டு கையையும் நீட்டினான். மருமகள் பிள்ளையைக் கொடுத்தாள்.

பிள்ளை அழவில்லை. அவன் முகத்தைப் பார்த்தது. தாடியைப் பிடித்து இழுத்தது. பிறகு அவனை விட்டுவிட்டு, அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டு, போனை வெளியே இழுத்து, "ப்பா," என்றது.

"எங்கடி என்ட கிளிக்குஞ்சு?" என்றான் மகன். போனில் தினமும் அப்படித்தான் தொடங்குவான்.

பிள்ளை போனைப் பார்த்தது. போன் கறுப்பாகக் கிடந்தது. சத்தம் வந்த இடத்தைப் பார்த்தது. திரும்பப் போனைப் பார்த்தது. பிறகு கையை விரித்து அந்தப் போனைக் கீழே விட்டது பாருங்கள்! ஏணியில் பட்டு, டங் என்று துள்ளி, என் காலடியில் வந்து விழுந்தது. தண்ணீருக்குள் போகவில்லை. பிள்ளை இரண்டு கையாலும் அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு "ப்பா! ப்பா!" என்று அவன் முகத்துக்கு நேரே கத்தியது.

எங்கள் பக்கத்தில் நல்லது நடந்தால் பெண்கள் குரவை இடுவோம். கலியாணத்துக்கு, கோயிலுக்கு, விதைப்புக்கு. யோசித்து இடுவதில்லை, அது தானாக வரும். மச்சாள் நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டாள். நானும் போட்டேன். மருமகளும் அழுதுகொண்டே சேர்ந்தாள். மூன்று பேரின் குரவையும் கப்பலின் பக்கத்தில் பட்டு எதிரொலித்து எங்கேயோ போனது.

எங்கே போனதென்று பிறகுதான் தெரிந்தது. கப்பலின் மற்றத் தலைப்பில் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு காவல்காரன் நின்றிருக்கிறான். காவலைக் கடுமையாக்கச் சொல்லி வைத்திருந்த நாள். அவன் வாழ்நாளில் குரவை கேட்டதில்லை. கப்பலை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, கண்ணில் பட்ட பொத்தானை அழுத்திவிட்டான்.

மணி அடித்தது. அதுவும் எப்படி! கணகணவென்று கப்பல் முழுக்க. கதவுகள் படார் படார் என்று திறந்தன. ஹெல்மெட்டோடு ஒருவன், சவர்க்கார நுரையோடு துவாய் கட்டிய ஒருவன், அகப்பையோடு சமையல்காரன், எந்தெந்த நாட்டுக்காரர்களோ, எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். நின்று பார்த்தால், எதிரே ஒரு சின்னப் பெண்பிள்ளை ஏணியில் தகப்பனின் கையில் இருந்து, அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பின்னால் தயிர் முட்டியோடு இரண்டு கிழவிகள்.

சிவந்த முகத்துக்காரர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். குரலைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். "பயிற்சி எண்டு வச்சிக்கொள்ளுவமாம்," என்று மகன் சொன்னான். "இவ்வளவு கெதியா ஒருநாளும் ஓடி வரல்லையாம்."

எங்களை இறக்கும் நேரம்வரை பிள்ளை அவன் கையை விட்டு இறங்கவில்லை. அவன் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். மருமகள் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மறுபக்கம் திரும்பி இருந்துகொண்டு கப்பலை விலை பேசினோம். தயிரை ஒபிசர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். கீழே நின்ற ஒபிசர் பிள்ளைக்கும் கிரான்காரருக்கும் பணியாரம் அனுப்பினோம். கப்பலில் இருந்து போவதையும் சோதிக்கவேண்டும் என்று அவள் அதையும் தடியால் ஒரு தரம் தடவிவிட்டுத்தான் சாப்பிட்டாளாம்.

மகன் பிறகு அந்தக் கண்டிப்பான நாட்டிலிருந்து போன் எடுத்தான். நாயோடு ஆட்கள் ஏறி, எல்லாம் மோந்து, எங்கள் துறைமுகத்தில் எப்படிக் காவல் காத்தீர்கள் என்று கேட்டார்களாம். கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு, இறங்க விட்டுவிட்டார்களாம். "பாருங்கம்மா," என்று போனைக் கீழே சாய்த்துக் காட்டினான். இரண்டு சப்பாத்தும் தரையில் நின்றன. பிள்ளை போனுக்கு முத்தம் கொடுக்கவில்லை. போனுக்குப் பின்னால் கைவிட்டு, மிச்ச ஆள் எங்கே என்று தேடியது.

இவ்வளவுதான் என் கதை. கப்பலைப் பற்றி எழுதியதெல்லாம் மகன் சொல்லியும் நான் கண்டும் எழுதியது. பிழை இருக்கும். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக ஒன்று. இப்போது சில சப்பாத்துகளின் முனைக்குள் இரும்புக்குப் பதிலாக ஏதோ பிளாஸ்ரிக் வைக்கிறார்கள் என்று யாரோ மச்சாளின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவன் போட்டிருந்தது இரும்புதானா என்று அவள் பாதையில் வரும்போதெல்லாம் என்னைக் கேட்கிறாள். மகனோ அந்தச் சோடியைத் தேய்த்து எறிந்துவிட்டான். கப்பலில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், விசாரித்து ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். இரும்பு என்று சொல்லி அனுப்பினால் நல்லது.